ஃப்ளோவபிள் கோப்பு முகாமைத்துவ இயந்திரம்: மட்டக்களப்பில் ஒரு காணி ஆவண உதவி நிலையத்தின் அனுபவம்

எங்கள் நிலையத்தின் பழைய கணினி முறையில், ‘மரணச் சான்றிதழ்’ என்ற தலைப்பின் கீழ்ப் பதிவேற்றப்பட்டிருந்த படங்களை ஒரு நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவற்றில் பல வெறும் வெள்ளைத்தாளின் படங்களாக இருந்தன. ஒன்றில் தாளின் ஓரத்தில் மேசை விளிம்பும், தேநீர்க் குவளை வைத்த வட்டக் கறையும்கூடத் தெரிந்தன. அவற்றை ஏற்றியவர் எங்கள் உத்தியோகத்தர்களில் மிகவும் பொறுப்பானவர். பிரதேச செயலகமொன்றின் காணிப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பின் எங்களோடு சேர்ந்தவர். மரணச் சான்றிதழை ஏற்றாமல் அடுத்த பக்கத்துக்குச் செல்ல அந்த முறை அவரை விடவில்லை. அடுத்த பக்கத்தில் இருந்த வேலையோ அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. ஆகவே வெள்ளைத்தாளைப் படமெடுத்து ஏற்றிவிட்டு, உண்மையான விபரங்களைத் தன்னுடைய நீல மட்டைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் கொப்பியின் இடத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த ஃப்ளோவபிள் என்னும் திறந்த மூல மென்பொருளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். 2023 ஆம் ஆண்டிலிருந்து அதை அன்றாடம் பயன்படுத்தி வருகிறோம். இதே போன்ற வேலை செய்யும் நிலையங்கள் கிழக்கில் பல உள்ளன. சட்ட உதவி, சிறுவர் பாதுகாப்பு, வாழ்வாதாரம், உளநலம் என்று எந்தத் துறையில் இருந்தாலும், மனிதர்களின் சிக்கலைக் கோப்பாக எடுத்து நடத்துகிறவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படக்கூடும் என்ற எண்ணத்திலேயே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலையின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மென்பொருளின் தரம் அதிலிருந்துதான் விளங்கும். காணி ஆவணம் இல்லாதவர்கள், ஆவணம் இறந்தவர் பெயரில் உள்ளவர்கள், ஆவணத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் உள்ளவர்கள் எங்களிடம் வருகிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளில் எதிலிருந்தும் வரலாம். 1978 நவம்பர்ச் சூறாவளியில் பெட்டியோடு காணி உறுதியைப் பறிகொடுத்த குடும்பம் ஒன்று, 2004 சுனாமியில் வீட்டையே இழந்த குடும்பம் ஒன்று, 2006 ஆம், 2007 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் முகாமுக்கு முகாம் மாறும்போது பேர்மிட்டை, அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரத்தை, தொலைத்த குடும்பம் ஒன்று என, இழப்பின் காரணம் ஒவ்வொருவருக்கும் வேறு. அதனால் செல்ல வேண்டிய வழியும் வேறு. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் ஒரு வழியில் போகும். தனியார் உறுதி காணிப் பதிவகத்தை நோக்கிப் போகும். எதுவுமே இல்லாமல் குடியிருப்பவரின் கதை மூன்றாவது வழி. இரண்டாம் சந்திப்பிலோ மூன்றாம் சந்திப்பிலோ ஒரு புதிய செய்தி வெளிவந்து, அதுவரை போன வழியை முற்றாக மாற்றுவதும் உண்டு. “தம்பி, இண்டைக்கும் வேற கடதாசியா கேக்கப்போறீங்க?” என்று வயதானவர்கள் கேட்கும்போது, அவர்களின் களைப்புக்கு நாங்களும் ஒரு காரணம் என்பதை உணர்ந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முகாமைத்துவ அறிஞர் பீற்றர் டிரக்கர் 1959 இல் ‘அறிவுப் பணியாளர்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். அச்சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பொறியியலாளரே நினைவுக்கு வருவார். ஆனால் முன்னே இருக்கும் பெண்ணின் பேச்சைக் கேட்டு, இவருக்கு முதலில் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டுமா, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எடுக்க வேண்டுமா, அல்லது இரண்டையும் விட்டுவிட்டு மூத்த மகனை அழைத்துப் பேச வேண்டுமா என்று தீர்மானிக்கிற எங்கள் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் முழுமையான பொருளில் அறிவுப் பணியாளர்தான். அவருடைய வேலையின் மதிப்பு அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. கணினி அவருக்கு உதவ வேண்டுமானால், தீர்மானத்தை அவரிடமே விட்டு, அவர் நினைவில் சுமக்க வேண்டிய திகதிகளையும் ஆவணங்களையும் தான் சுமக்க வேண்டும். இந்த மென்பொருளை நான் இந்த ஒரு அளவுகோலால்தான் அளக்கிறேன்.

எங்கள் பழைய முறை இதற்கு நேர்மாறாகக் கட்டப்பட்டிருந்தது. அதை அமைத்துத் தந்த நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் குறைகூறுவது என் நோக்கமில்லை. நாங்கள் கேட்டதையே அவர்கள் செய்து தந்தார்கள். ‘முதலாம் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி’ என்று பெரிய காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைந்து கொடுத்தவர்கள் நாங்கள்தாம். வங்கியில் காசோலை மாற்றுவதற்கும், பதிவுத் தபால் அனுப்புவதற்கும் அப்படிப்பட்ட படிமுறை பொருந்தும், ஏனெனில் அங்கே அடுத்த படி எது என்பது முன்னரே தெரியும். எங்கள் வேலையில் அது தெரியாது. அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரித்தில் ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்து வந்த பழைய வரிசை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் மாற்றப்பட்டபோது, கணினித் திரையில் இருந்த வரிசையையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்துக்கு நிறுவனம் கேட்ட காலமும் பணமும் எங்களால் தாங்க முடியாதவை. அத்திருத்தத்தால் நேரடியாகப் பயன்பெறக்கூடிய பெண் பிள்ளைகளின் கோப்புகளை அந்த மாதங்களில் கொப்பியிலேயே நடத்தினோம். அப்போதுதான் மாற்று வழி தேடத் தொடங்கினோம்.

தேடியபோது தெரியவந்த பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்ஜெக்ட் மனேஜ்மென்ட் குரூப் என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பு, படிமுறையான வேலைகளை வரைவதற்கு பி.பி.எம்.என் என்ற குறியீட்டு முறையைப் பேணி வருகிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2011 இல் வெளியானது. படிமுறைக்குள் அடங்காத, கோப்பை மையமாகக் கொண்ட வேலைகளுக்கென்று சி.எம்.எம்.என் என்ற தனிக் குறியீட்டு முறையை அதே அமைப்பு 2014 இல் வெளியிட்டது. 2016 இல் 1.1 பதிப்பு வந்தது. இதற்கு முன்பே, 2005 இல், வில் வான் டெர் ஆல்ஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் இதே சிக்கலை எழுதியிருக்கிறார்கள்: வேலையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொருவருக்கும் அவரவர் துண்டை மட்டும் காட்டினால், முழுக் கோப்பையும் பார்ப்பவர் எவரும் இல்லாமல் போய்விடுகிறார் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய குறை. எங்கள் நிலையத்தில் நடந்ததும் அதுவேதான்.

இந்தக் குறியீட்டைப் புரிந்துகொண்டு இயக்கும் திறந்த மூல மென்பொருட்கள் அதிகமில்லை. கமுண்டா என்ற மென்பொருளின் ஏழாம் பதிப்பில் அந்த வசதி இருந்தது. எட்டாம் பதிப்பில் அது இல்லை. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் அதைச் சார்ந்திருப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. அக்டிவிட்டி என்ற மென்பொருளை உருவாக்கியவர்களில் சிலர் 2016 இல் பிரிந்து வந்து தொடங்கியதே ஃப்ளோவபிள். படிமுறைக்கு ஓர் இயந்திரம், கோப்புக்கு ஓர் இயந்திரம், தீர்மான அட்டவணைக்கு ஓர் இயந்திரம் என மூன்றும் அதில் ஒன்றாக இயங்குகின்றன. அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வருவதால் உரிமக் கட்டணம் இல்லை. நிறுவனம் விற்கும் கட்டணப் பதிப்பு வேறு. நான் பேசுவது திறந்த மூல இயந்திரத்தைப் பற்றி மட்டுமே.

சி.எம்.எம்.என் வரைபடத்தை முதன்முதலில் எங்கள் உத்தியோகத்தர்களுக்குக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு விடயத்தின் முழுத் திட்டமும் அதில் ஒரு கோப்பின் வடிவத்தில், மேலே பெயர் எழுதும் நாக்கோடு, வரையப்படுகிறது. அலுவலகத்தில் நாங்கள் ‘கேஸ்’ என்பதைப் பெரும்பாலும் ‘கோப்பு’ என்றே சொல்வோம். திரையில் அந்த வடிவத்தைக் கண்டதும் விளக்கம் பாதியாகக் குறைந்தது. கோப்புக்குள்ளே மூலை வெட்டிய பெட்டிகளாகக் கட்டங்கள் இருக்கும். எங்களுடையதில் ‘விசாரித்தல்’, ‘ஆவணம் திரட்டல்’, ‘விண்ணப்பம்’, ‘பின்தொடர்தல்’ என நான்கு. கட்டங்களுக்குள் பணிகள் இருக்கும். இரு முனையும் வளைந்த சிறு பெட்டி ஒரு மைல்கல்லைக் குறிக்கும். ‘அனுமதிப்பத்திர இலக்கம் உறுதியாயிற்று’ என்பது எங்களுக்கு அப்படியொரு மைல்கல். பெட்டியின் விளிம்பில் வெள்ளை வைரக்குறி இருந்தால் அது நுழைவதற்கான நிபந்தனை. கறுப்பு வைரக்குறி வெளியேறுவதற்கான நிபந்தனை. இந்தக் குறிகளில் பணிகளை வரிசைப்படுத்தும் கட்டாய அம்பு கிடையாது. நிபந்தனை நிறைவேறினால் பணி திறக்கும், அவ்வளவுதான்.

எங்களுக்கு எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது சிறிய முக்கோணக் குறியொன்று. ஒரு பணியில் அந்தக் குறி இருந்தால், நிபந்தனை நிறைவேறிய பின்னும் அது தானாகத் தொடங்காது. ‘செய்யலாம்’ என்ற நிலையில் காத்து நிற்கும். உத்தியோகத்தர் தேவையென்று கருதித் தொடக்கினால்தான் தொடங்கும். ‘கிராம உத்தியோகத்தரின் கடிதம் பெறுதல்’, ‘அயலவர் இருவரின் வாக்குமூலம்’, ‘பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசி’ எல்லாவற்றையும் அப்படியே வைத்தோம். திரையின் வலப்பக்கத்தில் இவை பட்டியலாகத் தெரியும். அனுபவமுள்ளவர் தேவையானதை மட்டும் எடுப்பார். புதிதாகச் சேர்ந்தவர் பட்டியலைப் பார்த்து எவையெல்லாம் சாத்தியம் என்று கற்றுக்கொள்வார். மூத்தவரின் அறிவு அவரோடு ஓய்வுபெற்றுப் போய்விடாமல் இளையவரின் கண்முன் நிற்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் இதுவரை காணவில்லை.

இதன் பயனை ஒரு கோப்பின் மூலம் விளக்குகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களைக் கலந்தே எழுதுகிறேன். வாகரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரில் இருந்தது. கணவர் யுத்தகாலத்தில் காணாமற்போனவர். இப்படியான குடும்பங்களுக்குச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புகளைப் பதிவுசெய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் மரணத்தைப் பதிவுசெய்து சான்றிதழ் பெறலாம். 2016 இல் அச்சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின்னர், மரணம் என்று பதியாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறவும் முடியும். பழைய முறையில் முதலாவது வழி மட்டுமே இருந்தது. அதுவும் கட்டாயமாக இருந்தது. அந்த அம்மா எங்கள் பெண் உத்தியோகத்தரிடம், “அவர் வருவார் புள்ள. செத்துட்டார் எண்டு நான் ஒப்பம் வைக்கமாட்டன்” என்றார்.

புதிய முறையில் இரண்டு வழிகளும் முக்கோணக் குறியுடன் அருகருகே நிற்கின்றன. உத்தியோகத்தர் அன்றைக்கு இரண்டில் எதையும் தொடக்கவில்லை. ‘குடும்பத்தோடு மீண்டும் பேசுதல்’ என்ற பணியை மட்டும் எடுத்து, ஆறு வாரத்துக்கு நினைவூட்டல் வைத்தார். கோப்பு எந்த இடத்திலும் முட்டிக்கொண்டு நிற்கவில்லை. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அதே வேளையில் ‘ஆவணம் திரட்டல்’ கட்டத்தின் மற்றப் பணிகள், அதாவது அனுமதிப்பத்திர இலக்கத்தைத் தேடுவதும் காணியின் எல்லை விபரத்தைப் பெறுவதும், வேறோர் உத்தியோகத்தரால் நடந்துகொண்டிருந்தன. இரண்டாம் முறை பேசியபோது காணாமற்போனமைக்கான சான்றிதழின் பொருளை அந்த அம்மா முழுமையாகக் கேட்டறிந்து, மூன்றாம் முறை தாமாகவே சம்மதித்தார். அந்த மூன்று உரையாடல்களுக்கும் இடம் கொடுத்தது என்பதற்காகவே இந்த மென்பொருளை நான் மதிக்கிறேன்.

நினைவூட்டல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் வாழ்க்கைத்துணை ஆறு மாதத்துக்குள் காணியின் உடைமையைப் பொறுப்பேற்காவிட்டால், பின்னுரிமையை ஏற்கத் தவறியவராகக் கருதப்படக்கூடிய ஏற்பாடு காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தில் இருக்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காது; நாங்கள் பார்க்க வேண்டும். மரணத் திகதி கோப்பில் பதிவான கணத்திலேயே கடிகாரக் குறி ஓடத் தொடங்கி, நான்காம் மாத முடிவில் பொறுப்பான உத்தியோகத்தரின் பட்டியலில் ஒரு பணியைச் சேர்க்கிறது. இதை நாங்கள் அமைத்த பின்னர் இந்தக் காரணத்துக்காகக் காலம் தவறிய கோப்பு எங்களிடம் இல்லை. மாரி காலத்தில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வீதிகள் நீரில் மூழ்கும்போது களப்பயணங்கள் பின்போகும் என்பதால், கார்த்திகை, மார்கழி மாதங்களில் விழும் நினைவூட்டல்களை முன்கூட்டியே எழும்படி மாற்றினோம். வெல்லாவெளிப் பக்கக் கோப்புகளுக்காகக் குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் ‘பாதை’ எனப்படும் மிதவையில் வாவியைக் கடந்து போகும் உத்தியோகத்தர், அந்தப் பிரதேசத்தில் அந்த வாரம் விழும் எல்லாப் பணிகளையும் ஒரே பட்டியலாக எடுத்துக்கொண்டு போகிறார். முன்பு ஒரே கிராமத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் தனித்தனியாகப் போன நாட்கள் உண்டு.

படிமுறையை நாங்கள் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கடிதம் தயாரித்தல், பணிப்பாளர் ஒப்பமிடுதல், பதிவுத் தபாலில் அனுப்புதல், பற்றுச்சீட்டு இலக்கத்தைப் பதிதல் என்ற வேலைக்கு ஒழுங்கான வரிசை தேவை. அதைப் பி.பி.எம்.என் முறையில் ஒரு சிறிய செயன்முறையாக வரைந்து, கோப்பிலிருந்து தேவைப்படும்போது அழைக்கும் பணியாக வைத்திருக்கிறோம். உத்தியோகத்தர் ‘கடிதம் அனுப்புக’ என்று தொடக்கினால், மிகுதியைச் செயன்முறை பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் கோப்புக்குச் செய்தி திரும்பி வரும். எந்த வகைக் காணிக்கு எந்த ஆவணங்கள் என்ற கேள்விக்குத் தீர்மான அட்டவணை பதில் சொல்கிறது. விதி மாறினால் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும். 2022 இல் மாதக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு, இன்று சுற்றறிக்கை வந்த பிற்பகலிலேயே அந்த வரியை நாங்களே மாற்ற முடிவது பெரிய ஆறுதல்.

இனிக் குறைகள். முதலாவது, இது வாங்கியவுடன் பயன்படுத்தக்கூடிய பொருளே இல்லை. ஃப்ளோவபிள் ஓர் இயந்திரம். அதைச் சுற்றி வண்டியை நாம்தாம் கட்ட வேண்டும். ஜாவா நிரல்மொழியும் அதற்கான ஸ்பிரிங் பூட் கட்டமைப்பும் தெரிந்த ஒருவர் இல்லாமல் தொடங்க முடியாது. எங்களுக்கு ஊரைச் சேர்ந்த மென்பொருளாளர் ஒருவர் கிடைத்தார். திரைகளைக் கட்டவும், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு இணைக்கவும், படிவங்களைத் தமிழில் அமைக்கவும் அவருக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அந்தச் செலவை உரிமக் கட்டணம் இல்லாத பொருளென்ற மகிழ்ச்சியில் நாங்கள் முதலில் சரியாகக் கணக்கிடவில்லை.

இரண்டாவது, வரைபடம் வரையும் வசதி. நாங்கள் தொடங்கிய ஆறாம் பதிப்பில், உலாவியிலேயே வரைந்து பரீட்சித்துப் பார்க்கும் செயலிகள் திறந்த மூலப் பொதியோடு சேர்ந்தே வந்தன. ஏழாம் பதிப்பிலிருந்து அவை திறந்த மூலப் பொதியில் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வரைவதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதை முதல் நாளிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். எங்கள் போன்ற சிறு நிலையங்களுக்கு இது சிறிய விடயமில்லை, ஏனெனில் வரைபடத்தை உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து வரைவதில்தான் பாதிப் பயன் இருக்கிறது.

மூன்றாவது, இந்தக் குறியீட்டைக் கற்றுக்கொள்ளக் காலம் எடுக்கும். பிழைவிட்டால் விளைவு பெரிது. நாங்களே விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். ‘விண்ணப்பம்’ கட்டத்தின் விளிம்பில் வைக்க வேண்டிய கறுப்பு வைரக்குறியைக் கோப்பின் வெளி விளிம்பில் வைத்துவிட்டோம். விண்ணப்பத்தை மீளப் பெறுவதாகச் சேவை நாடியவர் ஒருவர் சொன்னதும், விண்ணப்பக் கட்டம் மட்டும் முடிவதற்குப் பதிலாக முழுக் கோப்பும் மூடப்பட்டது. நடந்துகொண்டிருந்த மற்ற மூன்று பணிகளும் உத்தியோகத்தர்களின் பட்டியலிலிருந்து மறைந்தன. முடிந்த கோப்பின் வரலாறு தரவுத்தளத்தில் அழியாமல் இருந்ததால் எதையும் இழக்கவில்லை. ஆனாலும் புதிய கோப்பொன்றைத் திறந்து எல்லாவற்றையும் கையால் எடுத்தெழுத ஒரு முழு நாள் போயிற்று. முடிந்த கோப்பை மீளத் திறப்பதற்கென்றே ஒரு குறி இருப்பதும், அதை வரைபடத்தில் முன்னரே வைத்திருக்க வேண்டும் என்பதும் அதன் பின்னரே எங்களுக்குத் தெரியவந்தன. இப்போது எங்கள் எல்லா வரைபடங்களிலும் அது இருக்கிறது. காணி விடயத்தில் மூடிய கோப்பு ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வருவது வழமை.

வரைபடத்தைத் திருத்தி வெளியிட்டால், ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்புகள் பழைய வரைபடத்தின்படியே தொடர்ந்து நடக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்திருத்தல் நல்லது. பெரும்பாலும் இது நன்மையே. பாதி வழியில் விதி மாறி எவரும் குழம்பமாட்டார்கள். ஆனால் சட்டமே மாறும்போது பழைய கோப்புகளையும் புதிய வரைபடத்துக்கு நகர்த்த வேண்டும். அதற்கு வசதி உண்டு. எனினும் ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே செய்ய வேண்டியிருப்பதால், அதை நாங்கள் இரண்டு பேர் சேர்ந்திருந்து மட்டுமே செய்கிறோம்.

பதிவு வரலாறு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யார், எப்போது, எந்தப் பணியை முடித்தார் என்பதை இயந்திரம் தானாகப் பதிகிறது. ஏன் அப்படிச் செய்தார் என்பதை அது பதியாது. அது இயந்திரத்தின் வேலையும் இல்லை. எனவே ஒரு பணியைத் தொடக்காமல் விடும்போதும், இடையில் நிறுத்தும்போதும் ‘காரணம்’ என்ற கட்டத்தில் குறைந்தது ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று நாங்களாகவே அமைத்தோம். தொடக்கத்தில் உத்தியோகத்தர்கள் இதைச் சுமையாகக் கருதினார்கள். இப்போது ஒரு கோப்பை இன்னொருவர் கையேற்கும்போது அவர் முதலில் வாசிப்பது அந்த வாக்கியங்களைத்தான். ‘மகள் வெளிநாட்டில், தை மாதம் வருகிறார், அதுவரை தாயை அலைக்கழிக்க வேண்டாம்’ என்று ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவர் அன்றைக்கு விடுமுறையில் இருந்தார். அந்தத் தாய்க்கு வீணான ஒரு பயணம் மிச்சமாயிற்று.

தமிழில் வேலை செய்வதில் எங்களுக்கு எந்தத் தடையும் ஏற்படவில்லை. கட்டங்கள், பணிகள், படிவங்கள் அனைத்தின் பெயரையும் தமிழிலேயே கொடுத்திருக்கிறோம். பெயர் தேடுவது மட்டும் தனிச் சிக்கல்; அது மென்பொருளால் வந்ததன்று. ஒரே ஆளின் பெயர் பழைய அனுமதிப்பத்திரத்தில் சிங்களத்திலும், பிறப்புச் சான்றிதழில் தமிழிலும், வங்கிக் கொப்பியில் ஆங்கிலத்திலும் இருக்கும். மூன்றிலும் எழுத்து வேறுபடும். ஆகவே ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ளபடியே பெயரைத் தனித்தனியாகப் பதியும் பகுதி ஒன்றைக் கோப்பில் சேர்த்தோம். இரண்டு பெயர்கள் வேறுபட்டால் சத்தியக்கடதாசிப் பணி ‘செய்யலாம்’ என்ற நிலைக்கு வரும். செய்யவேண்டுமா என்பதை அப்போதும் உத்தியோகத்தரே முடிவுசெய்வார், ஏனெனில் சில வேறுபாடுகளைப் பிரதேச செயலகம் பொருட்படுத்துவதில்லை என்பதை அவர் அறிவார்.

எங்கள் கோப்புகளில் மனிதர்களின் மிக அந்தரங்கமான செய்திகள் உள்ளன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ள நிலையில், இவற்றை எங்கே வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு எங்களிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். திறந்த மூல இயந்திரம் என்பதால் முழு முறையையும் எங்கள் அலுவலகத்திலுள்ள கணினியிலேயே இயக்குகிறோம். இணையம் இல்லாத நேரத்திலும் வேலை நடக்கிறது. மின்சாரம் போகும்போதுதான் சேமிகலத்தை நம்ப வேண்டியிருக்கிறது. நாளாந்தப் பிரதி ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கிறோம்.

எல்லா நிலையங்களும் இதை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மாதிரியான விண்ணப்பங்களை ஒரே மாதிரியாகக் கையாளும் அலுவலகத்துக்கு எளிய பதிவேட்டு மென்பொருளே போதும். இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் இடத்துக்கு இதன் அமைப்புச் செலவு நியாயமாகாது. ஐந்தாறு உத்தியோகத்தர்களுக்கு மேல் இருந்து, கோப்புகள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, ஒவ்வொரு கோப்பும் தன் போக்கில் போகும் இடங்களுக்கு இதை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். தொடங்குவதாயின், மென்பொருளாளரிடம் போவதற்கு முன் உங்கள் மூத்த உத்தியோகத்தரோடு மூன்று நாட்கள் இருங்கள். முடிந்த கோப்புகள் பத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் அவர் எங்கே தயங்கினார், எதைப் பார்த்துத் தீர்மானித்தார் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் வரைபடத்தில் நிலைத்திருக்கும் குறிகள் எல்லாம் அப்படி எழுதிய தாள்களிலிருந்து வந்தவை. நாங்களாக ஊகித்து வரைந்தவற்றில் அநேகமானவை முதல் ஆறு மாதத்திலேயே நீக்கப்பட்டன.

வாகரை அம்மாவின் கோப்பு இன்னும் திறந்தே இருக்கிறது. சான்றிதழ் கிடைத்துவிட்டது, பிரதேச செயலகத்தில் காணி விசாரணை நடக்க வேண்டும். அடுத்த நினைவூட்டல் மழை விட்ட பின், தை கடைசியில் எழும். அன்றைக்கு யார் போகிறாரோ, அவருக்காகக் ‘காரணம்’ கட்டத்தில் எங்கள் பெண் உத்தியோகத்தர் எழுதி வைத்திருக்கிறார்: ‘கணவரைப் பற்றிப் பேசும்போது இறந்தவர் என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம்.’